தாத்தா பொட்டு வைக்காமல் விட்ட படம்

போன தை மாதம் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து காரைக்குடிப் பக்கம் போய் வந்தேன். பெரிய வீடுகளையும் கோழி வறுவலையும் தேடிப் போகிறவர்களுக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனது ஒரே ஒரு படத்தைப் பார்க்க. என் மாதிரி பாட்டன் பூட்டன் ஊரைத் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு இது பயன்படலாம்.

அம்மாவின் அப்பா பத்தொன்பது வயதில் கண்டரமாணிக்கத்திலிருந்து கப்பலேறி மலாயா வந்தவர். ஈப்போவில் கடைப் பலகை எழுதினார். அந்தச் சம்பாத்தியத்தில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் வரைவார், அதுவும் செத்துப்போனவர்களை. ரப்பர் தோட்டத்து ஆட்களில் பலர் ஒரு போட்டோகூட எடுக்காமலே போய்ச் சேர்ந்தார்கள். வீட்டார் வந்து கேட்டால் அத்தனை பேரையும் வரிசையாக உட்கார வைப்பார். "அம்மா கண்ணு யாருக்கு வந்திருக்கு? மூக்கு யாருக்கு?" என்று விசாரித்து, ஆளுக்கொன்றாக எடுத்துச் சேர்த்து ஒரு முகம் செய்வார். பலகை எழுதும் அதே தகரம், அதே எனாமல் பெயிண்ட். யார் எதைக் கொடுத்தார்கள் என்று பின்பக்கம் எழுதியும் வைப்பார்.

நெற்றியில் பொட்டு மட்டும் வரைய மாட்டார். "அதை வீட்டாளுங்க வைக்கணும். அப்பத்தான் அது அவங்க அம்மா" என்பாராம். படத்துக்கு மேல் கண்ணாடி போடவும் விடமாட்டார், போட்டால் யாரும் தொட மாட்டார்களாம். இவ்வளவு பிடிவாதத்தையும் இவ்வளவு பிரியத்தையும் வேறு எவரிடமும் ஒருசேர நான் கண்டதில்லை.

அவருடைய ஆத்தா இறந்த தந்தி கிடைத்து, கப்பல் பிடித்து ஊருக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆத்தாவுக்கும் போட்டோ கிடையாது. நாற்பது நாள் தங்கி, கூடப் பிறந்தவர்களை உட்கார வைத்து, அந்த முகத்தை வரைந்து வீட்டில் மாட்டிவிட்டுத் திரும்பினார். அப்போது ஈப்போவில் அம்மாவுக்கு எட்டு வயது. "நீ அப்படியே என் ஆத்தாடி" என்று சாகும்வரை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. சர்க்கரை கண்ணில் இறங்கி, பார்வை மாதத்துக்கு மாதம் மங்குகிறது. மிச்சப் பார்வைக்குள் அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட ஒரே விஷயம். ஊரிலிருக்கும் மாமா ஒருமுறை வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பியிருந்தார். மாலை, சந்தனம், நடுவில் ஒரு பெரிய குங்குமம். "இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்றார் அம்மா.

திருச்சி விமான நிலையத்தில் காலை 8.40க்கு இறங்கினேன். மத்தியப் பேருந்து நிலையத்தில் 10.15 பேருந்து, 90 கிலோமீட்டர், காரைக்குடியில் மதியம் 12.40. விடுதி அறை நாளொன்றுக்கு 1,400 ரூபாய். சுடுதண்ணீர் வரும் என்றார்கள், வந்தது காற்றுத்தான்.

மறுநாள் காலை 7.45க்குக் கண்டரமாணிக்கம் போகும் டவுன் பஸ். நடத்துநரிடம் ஐம்பது ரூபாயை நீட்டினேன்.

"பொம்பளையாளுகளுக்குக் காசு இல்லத்தா. எந்த ஊர்லருந்து வாரீக?"

"மலேசியா."

"அம்புட்டுத் தூரத்துக்குக் காசு குடுத்துட்டு வந்துருக்கீக. இங்குட்டு சும்மா வாங்க." இருபது கிலோமீட்டர் சொச்சம், 55 நிமிடம்.

மாமா என்றால் தாத்தாவுடைய தம்பியின் மகன். வயது அறுபத்தெட்டு, நெல்லும் கொஞ்சம் கடலையும் போடுகிறார். அவருக்கு நான்கு வயதிருக்கும்போதே அப்பத்தா, அதாவது தாத்தாவின் ஆத்தா, போய்விட்டதால் முகம் நினைவில்லை. அத்தை எனக்குக் காபி கொடுத்துவிட்டு, மறுநாள் வருஷப் படையலுக்காகப் படத்தை இறக்கித் துடைக்கச் சொன்னார். நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தேன். அடியில் இன்னொரு பொட்டு, பெயிண்டில் வரைந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஓர் எழுத்தில்லை. இது தாத்தா வரைந்த படமே இல்லை. சொல்லாமல் அப்படியே போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது. சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னேன்.

அத்தை ரசத்தைக் கீழே வைத்துவிட்டார். பதினோரு வருடத்துக்கு முன் ஓட்டுக் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட்டபோது, பழைய சாமான்களை மொத்தமாகக் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூட்டையோடு மூட்டையாகப் படமும் போய்விட்டது. நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்து அத்தை ஓடியிருக்கிறார். அங்கே வரிசையாக ஏழெட்டு அம்மாக்கள். கடைக்காரர் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தார்.

"மாலையும் சந்தனமும் போக மூஞ்சி எங்கத்தா தெரிஞ்சுச்சு? நம்ம ஆத்தாவுக்குப் பெரிய பொட்டு இருக்கும்னு பொட்டு உள்ளதா எடுத்துட்டு வந்தேன். அப்ப இம்புட்டு வருசமா யாருக்குச் சோறு படைச்சேன்?" என்று அழுதார். மாமா அவரைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்புங்க, பாத்துட்டு வருவோம்" என்றார்.

காத்திருப்போடு போகவர ஆட்டோ 1,200 ரூபாய். யாரைத் தேடிப் போகிறோம் என்று ஓட்டுநர் கேட்டார்.

"எங்க அப்பத்தாவ."

"காணாமப் போயி எத்தன நாளாச்சு?"

"பதினோரு வருசம்," என்றார் மாமா. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை வேகமாக விரட்டினார்.

கடைக்காரர் எங்களை உள்கட்டுக்குக் கூட்டிப் போனார். கதவுகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாய்ந்து கிடந்த ஒரு தகரத்தைத் திருப்பினார். "இது ஒண்ணுதான் போணியாகலை. நெத்தியில பொட்டு இல்லீல. செவுத்துல மாட்ட வாங்குற ஓட்டல்காரவுக கூட வேணாம்னுட்டாக." பின்பக்கம், கடைப் பலகைக்கு எழுதும் கொழுத்த எழுத்தில், எங்கள் தாத்தா எழுதியிருந்தார்: கண் – தங்கச்சி. நெற்றி – தம்பி. காது – நான். அதற்குக் கீழே கடையின் நம்பர் சீட்டு ஒட்டியிருந்தது.

தம்பி என்ற சொல்லை மாமா விரலால் தொட்டார். அது அவருடைய அப்பா. எனக்கு அழுகை வந்தது. தாத்தாவின் பிடிவாதம்தான் எங்களை ஏமாற்றியது. அதுவேதான் அந்த முகத்தை யாரும் வாங்கிப் போகாமல் காத்தும் வைத்தது. கடைக்காரர் விஷயம் கேட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அம்மாவிடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். வீட்டாள் பொட்டு வைக்காமல் காட்டினால் தாத்தாவுக்குப் பிடிக்காது.

மறப்பதற்குள் சில குறிப்புகள். உறவைத் தேடிப் போகிறவர்கள் பேர், ஊர் மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள், அந்த ஆளின் கைப்பழக்கம் ஏதாவது தெரிந்துகொண்டு போங்கள். தை, மாசியில் வெயில் தாங்கும். கண்டரமாணிக்கத்தில் தங்க விடுதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, காரைக்குடியில் அறை எடுங்கள். பக்கத்து ஊரான கல்லலில் ரயில் நிற்கும், ஆனால் அங்கிருந்து பேருந்துக்கு நான் ஒரு நாள் முக்கால் மணி நேரம் நின்றேன். பழம்பொருள் கடைகளில் அம்மாக்கள் படத்தைப் பார்த்தால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். யாராவது எங்கேயாவது தேடிக்கொண்டிருக்கலாம்.

படையல் அன்று காலை தகரத்தைக் கழுவினேன். நெற்றி நடுவில் விரல் நுனி அளவுக்குப் பெயிண்ட் தேய்ந்திருந்தது, ஐம்பது வருஷத்துக் குங்குமம். பதினோரு மணிக்கு அத்தை இரண்டு இலை போட்டார். பொட்டு வரைந்த அந்த இன்னொரு அம்மாவின் படமும் பக்கத்திலேயே இருந்தது. மாமா பார்த்தார்.

"என்ன பாக்குறீக? பதினோரு வருசம் நம்ம சோத்தத் தின்னவுக. இனி எங்குட்டுப் போவாக?" என்றார் அத்தை. பிறகு குங்குமத்தைத் தொட்டு, அந்தத் தேய்ந்த இடத்தில் வைத்தார். அங்கேயே பொருந்தியது.

வீடியோ காலில் அம்மா முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். நான் தகரத்தைத் திருப்பினேன். கழுவும்போது கடைச் சீட்டு ஊறி உரிந்து, அடியில் இன்னொரு வரி தெரிந்தது. அம்மாவால் எழுத்தைப் படிக்க முடியாது, நான்தான் படித்தேன்.

"சிரிப்பு – மகள் சரசு, எட்டு வயசு. கூட்டி வர முடியலை."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கூட்டிட்டுத்தான்டி போயிருக்காரு" என்றார்.