பேரளம் வழியாகக் காரைக்காலுக்கு ஒரு கோப்பை

காலை ஆறே முக்காலுக்கு மாயவரம் ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தேன். எண்பத்து மூன்றாம் வருடம், மாசி மாதத்துச் சனிக்கிழமை. ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பலகைக்கு வந்துவிட்டது, எங்கள் வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை. காரைக்காலுக்கு டிக்கெட் இரண்டு ரூபாய். தூரம் நாற்பது கிலோமீட்டர்கூட இராது. பேரளத்தில் இறங்கி வண்டி மாறிக் காத்திருந்து போனால் மூன்று மணி நேரம். பஸ் என்றால் ஒன்றரை மணிதான். ஆனால் எனக்கு அவசரம் இல்லை. போய்ச் சேர்ந்து நான் சொல்ல வேண்டியிருந்த விஷயம் அப்படிப்பட்டது.

கையில் வயர் கூடை. அதில் துண்டு சுற்றி ஒரு கோப்பை. அதன் அடிப்பட்டையில் 'சிறந்த ஆட்டக்காரர், பூப்பந்து, 1974' என்றும் கீழே 'எஸ். வைத்தியநாதன், மாயவரம்' என்றும் பொறித்திருக்கும். வைத்தியநாதன் நான்தான். ஆனால் அந்த ஆட்டத்தை ஆடியவன் நான் இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் கும்பகோணத்தில் நடந்த போட்டி அது. தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் மட்டும் ஆடலாம். இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் என் கணுக்கால் பிசகிவிட்டது. ஐந்து பேர் ஆட்டம், பட்டியலும் கொடுத்தாகிவிட்டது. காரைக்கால் அஞ்சப்பனுக்கு ஆள் அனுப்பினேன். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் அவன் எங்கள் கணக்கில் வெளியூர் ஆள். என் பெயரில் இறங்கினான். கோப்பையும் என் பெயருக்கு வந்தது. அன்றைக்கு நாலு மணிக்குக் காரைக்காலில் அவனுடைய சொந்தக் கழகத்துக்கு அரையிறுதி. அதற்கு அவன் போய்ச் சேரவில்லை. கழகம் தோற்றது.

இப்போது அந்தக் கழகம் வெள்ளி விழாவுக்காக ஒரு தேக்குப் பலகையில் பழைய ஆட்டக்காரர்கள் ஐந்து பேரின் பெயரைத் தங்க எழுத்தில் எழுதுகிறது. நான்கு முடிந்துவிட்டன. ஐந்தாவது பெயருக்குச் சண்டை. ஆட்டம் தெரிந்த வெளியூர்க்காரர் என்ற முறையில் வந்து அபிப்பிராயம் சொல்லும்படி செயலாளர் எனக்குக் கார்டு போட்டிருந்தார். 'அஞ்சப்பன் பெயரைச் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அரையிறுதியன்று கழகத்தை நட்டாற்றில் விட்டவர் என்பது தாங்கள் அறியாததல்ல' என்று அதில் ஒரு வரி. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பேரளத்தில் எட்டேகாலுக்கு வண்டி மாறினேன். சனிக்கிழமை என்பதால் திருநள்ளாற்றுக் கூட்டம். பெட்டி முழுக்க நல்லெண்ணெய் வாசம். அம்பகரத்தூர் தாண்டும்போது எதிரே இருந்த அம்மாள் என் கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்னாங்க தம்பி அது, பளபளங்குது? கோயிலுக்குச் செய்யறதா?"

"இல்லீங்கம்மா. ஆட்டத்துல குடுத்த கோப்பை."

"அட! யாரு செயிச்சது?"

"நான்தான்" என்றேன்.

வாய் பழகிப்போயிருந்தது. ஒன்பது வருடமாகச் சொல்கிற பதில். உண்மையைச் சொல்லவென்று கிளம்பிய வண்டியிலேயே பொய்யை இன்னொரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் திருநள்ளாற்றில் இறங்கும்போது, "நல்லா இருங்க" என்று வாழ்த்திவிட்டு வேறு போனார்.

பத்து மணிக்குக் காரைக்கால். சைக்கிள் ரிக்‌ஷாவில் மூன்று ரூபாய் பேசி நேராகக் காரைக்கால்மேட்டு மீனவர் குப்பத்துக்குப் போனேன். மீன் ஏலம் முடிந்து கூடைக்காரப் பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டுமரத்து நிழலில் அஞ்சப்பன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அதே ஒல்லி உடம்பு, அதே நீளமான கை. கூடையைத் திறந்து காட்டியதும் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் வைத்தி. ஒங்க ஊருல ஒங்களுக்கு ஒரு பேரு இருக்கு. அத ஏன் கெடுத்துக்குறீங்க?"

"அது உன் பேருப்பா. நீ ஏன் இத்தன வருஷம் வாயத் தொறக்கல?"

"தொறந்தா கோப்பைய புடுங்கிடுவாங்க, ஒங்க டீமையும் தள்ளி வைப்பாங்க. நீங்கதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனீங்க." வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பலகை கெடக்கட்டும். சிங்காரவேலு அண்ணன் எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவுது. ஒம்பது வருஷம். அதாங்க தாங்கல."

சிங்காரவேலு திருநள்ளாற்றுப் பக்கம் நெல் விவசாயம் செய்பவர். கழகத்தின் நடு ஆட்டக்காரர். அஞ்சப்பன் பின்னால் நின்றால் அவர் திரும்பிப் பார்க்காமல் பந்தை விடுவார் என்பார்கள். அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பிரித்துவிட்டு என் கூடத்து அலமாரியில் கோப்பையை வைத்திருந்தேன். அந்தக் கரையில் நின்றபோது எனக்கு என்மேல் வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

மாலை மூன்று மணி. அரசலாற்றுக்குப் பக்கத்தில் கழகத்தின் ஓட்டுக் கொட்டகை. வாசலில் மைதானம், வலை கட்டியிருந்தது. உள்ளே பத்துப் பேர். தலைவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அப்படிப்பட்டவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள், இவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. கடைசிப் பெஞ்சில் சிங்காரவேலு. அஞ்சப்பன் உள்ளே வராமல் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதலில் கலியமூர்த்தியைப் பற்றிப் பேசினார்கள். முன்வரிசை ஆட்டக்காரர், இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். "அவரு அடிச்சா கம்பளிப் பந்து நூலு நூலாப் பிஞ்சுபோவும்ங்க" என்றார் ஒருவர். "கூட்டம் இருந்தாத்தானே அடிப்பாரு? எண்ணி நாலு பேரு பாத்தா கைய மடக்கிக்குவாரு" என்றார் இன்னொருவர். அடுத்து செயலாளர் இராமலிங்கம் சிங்காரவேலுவின் பெயரைச் சொன்னார். நடு ஆட்டக்காரருக்கு யாரும் கைதட்டுவதில்லை, ஆனால் அவர் இல்லாத அன்று மற்ற நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள் என்றார். நியாயமான பேச்சுதான். சிங்காரவேலு தன்னைப் பற்றிப் பேசுவதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அஞ்சப்பன் பெயர் வந்ததும் செயலாளர் எழுந்துவிட்டார். "கொண்டல் காத்துல அவரு மாதிரி பந்து எடுத்தவங்க கெடையாது, ஒத்துக்குறேன். கடல்காத்து பந்த எங்க தள்ளும்னு அவருக்கு முன்னாடியே தெரியும். ஆனா அன்னைக்கி வரலியே? ஸ்கோர் எழுதிக்கிட்டிருந்த என்னைப் புடிச்சு அஞ்சாவதா எறக்குனாங்க. ஊரே சிரிச்சுது. நான் மறப்பனா?"

நான் கோப்பையை மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கும்பகோணத்தில் இறுதி ஆட்டம் ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. உடனே அனுப்பியிருந்தால் அவன் நாலு மணிக்குள் காரைக்காலுக்கு வந்திருப்பான். பரிசு கொடுக்கும் பெரிய மனிதர் வரத் தாமதம். 'வைத்தியநாதன்' மேடை ஏறாவிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று நான்தான் அவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மூன்றரை மணிக்கு மேடையில் என் பெயரைக் கூப்பிட்டபோது பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். இதையும் விடாமல் சொன்னேன்.

செயலாளர் கோப்பையைத் திருப்பிப் படித்தார். "இதுல ஒங்க பேருல்ல இருக்கு? சிநேகிதருக்காக வந்து கதை கட்டுறீங்கன்னு நாங்க சொல்லலாமில்ல?"

சொல்தா எழுந்து மூலையில் இருந்த மட்டை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "வாங்க வெளியில. ஆடிக் காட்டுங்க."

நாலே கால். கொண்டல் நன்றாக வீசிக்கொண்டிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் அஞ்சப்பன், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மட்டையை வாங்கினான். இந்தப் பக்கம் நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. நான் தோற்றால்தான் என் வழக்கு ஜெயிக்கும். சும்மா நின்றிருந்தாலே போதும். ஆனால் மட்டை கைக்கு வந்ததும் புத்தி போய்விட்டது. ஒரு பந்தையாவது திருப்பிவிட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது.

முதல் பந்துக்கு வலப்பக்கம் ஓடினேன். காற்று அதை இடப்பக்கம் கொண்டுபோனது. இரண்டாவதற்கு இடப்பக்கம் ஓடினேன். அது நான் கிளம்பிய இடத்திலேயே விழுந்தது. ஐந்தாவதற்குப் பாய்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டேன். பத்துப் பந்து. ஒன்றுகூட வலையைத் தாண்டித் திரும்பிப் போகவில்லை. மூச்சு வாங்கியது, அவமானத்தில் கண் கலங்கியது. "இன்னும் ஒண்ணு போடுப்பா" என்று கத்தினேன்.

"போதும்" என்றார் சொல்தா. "வேணும்னே தோக்கறாரோன்னு பாத்தேன். இல்ல, மனுஷன் உசுரக் குடுத்து ஆடுறாரு. ஒம்பது வருஷத்துல கை மறந்துபோவும், சரி. கால் எங்க போய் நிக்கணும்ங்கறதுமா மறக்கும்? இந்தக் காலு எந்தக் காலத்துலயும் அந்தக் கோப்பைய வாங்கியிருக்காது."

சிரிப்பு எழுந்தது. செயலாளர் சிரிக்கவில்லை. "சரி, ஆடுனது அவருதான். அப்பவும் நம்ம ஆட்டத்த விட்டுட்டு அடுத்த ஊருக்கு ஆடுனாரா இல்லியா?"

அதுவரை வாய் திறக்காத சிங்காரவேலு எழுந்து வந்தார். "ராமலிங்கம், நம்ம தோத்த ஆட்டத்துல நம்ம எல்லாரு பேரும் நோட்டுல இருக்கு. அவன் செயிச்ச ஆட்டத்துல அவன் பேரு எங்கயுமே இல்ல. எழுதுங்க."

பிறகு அஞ்சப்பன் பக்கம் திரும்பினார். என்ன பேசப் போகிறாரோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கையிலிருந்த மட்டையை வாங்கினார். வலைக்கு அந்தப் பக்கம் போய் அஞ்சப்பனுக்கு முன்னால், நடுவில், தன் பழைய இடத்தில் நின்றுகொண்டார்.

"சொல்லியிருக்கலாமேடா" என்றார், திரும்பாமலே.

"சத்தியம் பண்ணிட்டேண்ணே" என்றான் அஞ்சப்பன்.

ஐந்தரை மணிக்குப் பெயிண்டர் சுண்ணக்கட்டியால் 'அஞ்சப்பன், காரைக்கால்மேடு' என்று கோடு போட்டுப் பார்த்ததை நான் நின்று பார்த்தேன். கோப்பையை அஞ்சப்பன் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டான். அடுத்தவர் பெயர் போட்ட பொருள் வீட்டில் இருந்தால் தூக்கம் வராது என்றான். அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, எனக்குத்தான் சுருக்கென்றது. கடைசியில் பலகைக்குக் கீழே அலமாரியில் வைத்துக்கொள்வதாகச் சொல்தா சொன்னார்.

ஆறு மணி பஸ். கூடையில் துண்டு மட்டும். பொறையாறு தாண்டும் வரை தேய்ந்த முட்டி எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கோப்பையைக் காட்டியவள். கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன்.

"நான் தூக்கிப் போடுற எலுமிச்சம்பழத்த உங்களால புடிக்க முடியாது. எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்றாள். பிறகு முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

மாயவரத்தில் எங்கள் அலமாரியில் இப்போது ஒரு வட்டத் தடம்தான் இருக்கிறது. காரைக்காலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. அந்தக் கோப்பையைப் பார்த்து, யார் இந்த வைத்தியநாதன் என்று கேட்பவர்களிடம், பத்துப் பந்து போட்டும் ஒன்றைக்கூடத் திருப்பாதவர் என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். அந்தப் பெயர் நானே ஆடி வாங்கியது.