சித்தியின் கை போகும் இடம்

எங்கள் சித்தப்பா ஒரு கருமி என்று நான் உறுதியாக நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய போட்டோ ஸ்டுடியோவில் திரைத்துணி நைந்து இழை இழையாகப் பிரிந்திருந்தது. "படத்துல மூஞ்சிதான்டா வருது, துணியா வருது?" என்பார். அப்பாவும் அம்மாவும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதால், படிப்பு கெடக்கூடாதென்று என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள்.

இடஒதுக்கீட்டுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. திடீர் திடீரென்று மறியல், கடையடைப்பு. மற்ற நாட்களில் சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடுகிறவர்கள் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்காக எங்கள் கடையில் நெருக்கியடித்து நிற்பார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குத்தான் அவசரம் அதிகம். மலைக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டால் அன்று போக்கிடம் கிடையாது.

படம் எடுப்பதோடு சித்தப்பாவின் வேலை முடிந்துவிடும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகத்தை வெட்டி, பின்னணியை நீலமாக்கி, ஒரே தாளில் வரிசையாக அடுக்கி அச்செடுப்பதெல்லாம் சித்திதான். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. திரையில் எந்தச் சின்னம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவள் கை அறிந்துவைத்திருந்தது. நாம் இருட்டில் நம் வீட்டுக் கொல்லைக்குப் போவதுபோல அவள் அதற்குள் போய்வந்தாள். "கம்ப்யூட்டருக்குப் படிச்ச பொண்ணு போலருக்குது" என்று வந்தவர்கள் சொல்லும்போது மறுக்கவும் மாட்டாள், ஒப்புக்கொள்ளவும் மாட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொள்வாள்.

ஒருமுறை கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் இடம் மாறிப்போயிற்று. கடை நிறைய ஆட்கள் நிற்க, சித்தியின் கை திரையில் அலைந்தது. "இன்னாம்மா, படிக்கத் தெரியாதா?" என்று எவனோ கேட்டுவிட்டான். தலைவலி என்று எழுந்து போனவள் பிறகு வெகுநாள் கடைப் பக்கமே வரவில்லை. அவளைத் திரும்ப அந்த நாற்காலியில் உட்காரவைக்கச் சித்தப்பா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்படியிருக்க, அடுத்த வருடம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது போன்ற சத்தம் வர ஆரம்பித்தது. சித்தி தன் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து என்று அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாளே கடையடைப்பு. சாயங்காலம் பஸ் ஓடத் தொடங்கியதும் வந்துவிடுவாள். சித்தப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தெருக்கோடியில் இருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக்கை அழைத்து வந்தார்.

"ஹார்ட் டிஸ்க் போவப்போவுதுண்ணே. புதுசு ஒண்ணு மாட்டி, முதல்லேருந்து எல்லாத்தையும் போட்டுக் குடுத்துர்றேன். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"புதுசா ஒண்ணும் போடாத. பழசுல இருக்கறது இருக்கறாப்லயே இதுல வரணும்."

"இன்னாண்ணே நீங்க? வூடு மாறச்சொல்ல தூசியையும் மூட்ட கட்டி எடுத்துக்கினு போவீங்களா?"

"ஆமா, போவேன். உனுக்கின்னா?"

கூடுதல் நேரம் ஆகும், கூலியும் ஜாஸ்தி என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தான். சித்தப்பா சரியென்று தலையாட்டினார். பழைய குப்பையைக்கூட விட மனமில்லாத மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் புது டிஸ்கைப் பழையதன் பக்கத்தில் மாட்டினான். ஒரு சிடியைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகள் வந்தன. எதிலிருந்து எதற்கு நகல் போக வேண்டும் என்று அது கேட்டது. மாற்றிச் சொன்னால் காலியான டிஸ்க் நிறைந்ததன்மேல் ஏறி அனைத்தையும் துடைத்துவிடுமாம். சித்தப்பா என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"டேய், நீ எழுத்துக் கூட்டிப் படி. பழசுலேருந்து புதுசுக்குத்தான் போவுதா?"

"என்மேல நம்பிக்க இல்லியாண்ணே?"

"உம்மேல இருக்குதுப்பா. இங்கிலீசு மேலதான் இல்ல."

கொள்ளளவில் சின்ன எண் பழையது, பெரிய எண் புதியது என்று மெக்கானிக் காட்ட, நான் படித்துச் சரியென்றேன். பிறகு, எவ்வளவு நகலாயிற்று என்று காட்டும் கோடு நத்தைபோல நகர்ந்தது. மின்சாரம் போய்விடக்கூடாதே என்று சித்தப்பா அடிக்கடி தலைக்குமேல் சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சோற்றைப் பிரிக்கக்கூட இல்லை.

நகல் முடிந்தது. பழையதைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் புதியதை வைத்து மெக்கானிக் சுவிட்சைப் போட்டான். டிஸ்க் எதுவும் இல்லை என்றது திரை. அதை வாசித்துச் சொன்ன என்னைச் சித்தப்பா பார்த்த பார்வையில், அழித்தது நான்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டு, டிஸ்கின் பின்புற ஊசிகளில் செருகியிருந்த சின்ன மூடியை, இதுதான் முதல் டிஸ்க் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும்படி இடம் மாற்றிப் போட்டான். இந்தமுறை பழைய திரை அப்படியே எழுந்து வந்தது. சித்தப்பா சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மெக்கானிக், கேட்காமலே ஒரு உதவி செய்தான். கலைந்து கிடந்த சின்னங்களை ஒரே அழுத்தில் பெயர் வரிசைப்படி இடப்பக்கமாக அடுக்கிவிட்டான்.

"டேய்! இன்னாடா பண்ண?"

"அடுக்கி வச்சேன்ணே. கன்னாபின்னான்னு கெடந்துச்சே."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். எது எது எங்கே இருந்தது என்று என்னிடம் கேட்டார். நான் எப்போதும் பெயரைப் படித்தே தேடுகிறவன். எனக்கு எங்கே தெரியும்? அவர் சித்தியின் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்துக் கண்ணை மூடினார். "இங்க போவா... அப்புறம் மேல... அச்சு இந்தக் கீழ் மூலையில. அங்க போவச்சொல்ல அவ முழங்கை நாற்காலிக் கையில இடிக்கும்." தன் முழங்கையை இடித்துப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக இழுத்து வைத்தார். மெக்கானிக் சிரிக்க வாய் திறந்து, ஏனோ சிரிக்காமல் விட்டான்.

சாயங்காலம் பஸ் ஓடியது. சித்தி பையோடு வந்து இறங்கியபோது, மலைக்காரர் ஒருவர் மகளோடு கடை வாசலில் காத்திருந்தார். மறியலில் காலையிலிருந்து சிக்கிக்கொண்டவர்கள். அவர்கள் பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. சித்தப்பா அந்தப் பெண்ணைப் படம் எடுத்தார். சித்தி உட்கார்ந்தாள். திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, அந்தப் பெண்ணிடம் எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்டபடியே வேலை செய்தாள். சித்தப்பா அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நாற்காலியில் இடித்தது. படம் அச்சாகி வந்தது. அப்பாவும் மகளும் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்கள்.

அதன் பிறகுதான் தரையில் கிடந்த பழைய டிஸ்க் சித்தியின் கண்ணில் பட்டது.

"இன்னாங்க இது?"

"ஹார்ட் டிஸ்க் மாத்தனேன்."

எவ்வளவு ஆயிற்று என்று கேட்டாள். தொகையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவ்ளோ துட்டக் குடுத்து இன்னா மாறிச்சி? மொத இருந்தாப்லயேதான இருக்குது! நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்கான் உங்கள."

"ஒண்ணுமே மாறலியா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது? ஒண்ணும் மாறல."

நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா என் தோளை அழுத்தி, டீ வாங்கி வரச் சொல்லித் தூக்குப் பாத்திரத்தைக் கையில் கொடுத்தார். ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வரும்போது அவர் மறுபடியும் கேட்பது காதில் விழுந்தது: "நெசமாவே ஒண்ணும் மாறலியா?" பொழுதெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, கேட்டுக் கேட்டுத் திட்டு வாங்குகிற ஆளை நினைத்து, டீக்கடை வரைக்கும் எனக்குக் கோபமாகவே வந்தது.