முனைவர் அல்லாத எங்கள் அண்ணன்

அண்ணன் சிதம்பரத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தபோது, சில ஆண்டுகளில் முனைவராகத் திரும்புவார் என்றே வீட்டில் அனைவரும் நம்பினோம். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து அவ்வளவு தூரம் படித்தவர் எங்களில் அவர் ஒருவரே.

அவர் ஆராய்ந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்றை. இரும்புக் கவசம் போர்த்தியது. பகைக் கப்பலை முட்டி மூழ்கடிக்க மூக்கில் நீண்ட கொம்பு வைத்தது. லிஸ்ஸாத் தீவருகே நடந்த போரில் முட்டும் தருணம் வந்தபோதெல்லாம் திரும்பிக்கொண்டது. சில வாரங்களில் புயலடிக்க, சொந்தத் துறைமுகத்திலேயே மூழ்கியது. தூக்கியெடுத்துப் பழுதுபார்த்தார்கள். முதுமையில் வெடிமருந்துக் கிடங்காக நின்றது.

"நாலு வரி வீரம்னு எழுதிக் குடுய்யா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாராம் ஆய்வு வழிகாட்டி.

"இருந்தா எழுதியிருப்பேங்க ஐயா."

கையெழுத்து விழவில்லை. அண்ணன் கடலூருக்குத் திரும்பி, ஓய்வு பெறும்வரை எழுத்தராக இருந்தார். ஞாயிறுதோறும் வேர்க்கடலை உரித்தபடி அந்த ஆய்வேட்டை அண்ணிக்கும் எனக்கும் படித்துக் காட்டுவார். கப்பல் திரும்பும் இடம் வந்தால் அண்ணி, "வெக்கங்கெட்டது" என்பார்.

கல்யாண வீடுகளில் மாமா மகனுக்கு இதுவே வேடிக்கை. "இன்னா மச்சான், உன் கப்பலு இன்னும் முழுகிதான் கெடக்கா?"

"தூக்கிட்டாங்க மச்சான். உன்னமாரியே சும்மா நிக்குது."

சிறுநீரகம் பழுதுபட்டு அண்ணன் மறைந்த காலையில், தெருமுனையில் ஒரு பதாகை நின்றது. அண்ணன் பெயருக்கு முன் 'முனைவர்'. கீழே, அண்ணனைவிடப் பெரிதாக, கைகூப்பிய மாமா மகன்.

"எறக்கச் சொல்லுங்க" என்றேன்.

"வுடும்மா, செத்தவருக்கு ஒரு மரியாததான?" என்றார்கள் பதாகை வைத்தவர்கள்.

நான்கு வரிப் பொய்க்கு அண்ணன் வாங்க மறுத்ததை இவர்கள் இலவசமாகச் சூட்டினார்கள். அவரை எடுத்துச் செல்லுமுன் அதை இறக்க வைத்தேன். இந்த நினைவு மலரிலும் அந்தப் பட்டத்தை அச்சிடும்படி கேட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்: அண்ணன் முனைவர் அல்லர்.

வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஷேர் ஆட்டோக்காரருக்கும், கடைசி நாள்களில் கை பிடித்திருந்த செவிலியருக்கும், பதாகையை அவிழ்க்க ஏணி தந்த அடுத்த வீட்டாருக்கும் எங்கள் நன்றி. பதாகை வைத்தவர்களுக்கும் நன்றி. அதன் கயிறு துணி உலர்த்த உதவுகிறது.

பட்டமில்லாத அண்ணனைப் பற்றிப் பேச விரும்பி வருவோரை வரவேற்க, வீட்டில் அண்ணியும் நானும் இருக்கிறோம்.