மாமாவின் விசிலும் மேற்குப் பக்கமும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. அதிலிருந்து போர்வெல் லாரியோடு ஊர் ஊராக அலைகிற பிழைப்புதான். இப்போது என் கையின் கீழ் நாலைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் லாரி முதலாளி எங்களையெல்லாம் ஏசி அறையில் உட்காரவைத்து, ஆட்களை நடத்துவது எப்படி என்று வெளியூர்க்காரர் ஒருவரைக் கொண்டு வகுப்பு எடுக்கச் சொன்னார். அவர் நன்றாகத்தான் பேசினார், சமோசாவும் சூடாக இருந்தது. எனக்கு மட்டும் திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் காட்டில் கேட்ட ஒரு விசில் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

விசிலுக்குச் சொந்தக்காரர் மாமா, என் அத்தையின் வீட்டுக்காரர். வளைகுடா நாட்டில் கட்டட வேலையில் சூப்பர்வைசர். அவர் அங்கே இருந்த வருஷங்களில் இங்கே கரிமூட்டம் போட்டுக் குடும்பத்தை நடத்தியது அத்தை. மழை ஏமாற்றினால் எங்கள் பக்கம் சீமைக் கருவேலம்தான் சோறு போடும். வெட்டிய கட்டைகளைக் குவித்து அடுக்கி, தழை பரப்பி, ஈரமண்ணால் மூடி உள்ளே தீ வைத்தால் நாள்கணக்கில் புகைந்து கரியாகும். மேல்மண்ணில் வெடிப்பு கண்டால் உடனே குழைத்த மண்ணை அப்ப வேண்டும். விட்டால் காற்றுப் புகுந்து கட்டை எரிந்து, வெறும் சாம்பல்தான் மிஞ்சும்.

அத்தை இதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். மூட்டத்தின் நாலு பக்கமும் நாலு பேருக்கு. மூட்டத்தைப் பிரித்துக் கரி எடுக்கிற வரைக்கும் அவரவர் பக்கம் அவரவருக்குத்தான். அப்பா வடக்கு, அம்மா கிழக்கு, சித்தி தெற்கு. காற்று வந்து முட்டுகிற மேற்கை அத்தை தனக்கு வைத்துக்கொண்டாள். வெடிப்பில் புகை கசிந்தால், "என் பக்கம் காலையிலருந்து மூச்சு விடுது மதினி" என்று, பிள்ளைக்குச் சளி பிடித்ததைச் சொல்வதுபோல அம்மா சொல்வாள்.

மாமா லீவில் வந்திருந்த சமயம், அருப்புக்கோட்டையில் ஒரு வளைகாப்புக்கு அத்தை போக வேண்டியிருந்தது. புகைந்துகொண்டிருந்தது பெரிய மூட்டம். அது ஒழுங்காகக் கரியானால்தான் மழைக்கு முன்னால் அத்தை வீட்டு ஓடு மாற்ற முடியும்.

"ஒருநாப் பொழுது பாத்துக்கிருவீகளா?" என்று அத்தை தயங்கினாள்.

"ஒரு கட்டடத்து ஆளுகளையே மேச்சவன்ட்ட கேக்குற கேள்வியப் பாத்தியா மருமகனே" என்று மாமா என்னிடம் சொன்னார்.

பஸ் கிளம்பியதுதான் தாமதம், மாமா கம்பெனியில் கொடுத்த ஆரஞ்சுக் கலர் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மேற்குக்கு ஒரு கூலி ஆளும் வந்தார்.

"ஒரே ஆளு ஒரே பக்கமே கெடந்தா சோம்பல் வந்துரும். எல்லாரும் எல்லாப் பக்கமும் பழகணும். விசிலடிச்சா அடுத்த பக்கத்துக்கு மாறிறணும்" என்றார்.

"அண்ணே, இது மூட்டமா, கும்மியா?" என்றாள் அம்மா. அப்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமாவின் போனில் மணி பார்த்து விசில் ஊதும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. பெரியவர்களை எழுப்பி நடக்கவைக்கிற அப்படியொரு அதிகாரம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் சுற்றியது. உச்சிப் பொழுதில் மேற்கே ஒரு வெடிப்பைப் பார்த்த சித்தி மண் குழைக்க எழுந்தாள். விசிலுக்கு நேரமாகிவிட்டதே என்று, காலடியில் கிடந்த காய்ந்த புழுதியை அள்ளித் தூவிவிட்டு நகர்ந்தாள். அடுத்து வந்த அம்மாவும் தூவினாள். அதற்கடுத்து அப்பாவும் தூவினார். மாமா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு வெடிப்புக் கெடையாது, பாத்தியா!" என்று பூரித்துப்போனார்.

கொஞ்ச நேரத்தில் மேற்குப் பக்கம் பொதுக்கென்று உள்வாங்கி, தீ நாக்கை நீட்டியது. நான் பதறி விசிலை ஊதினேன். காலையிலிருந்து வந்த பழக்கத்தில் எல்லோரும் எழுந்து அடுத்த பக்கத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

"ஏய், அங்கிட்டு இல்ல, இங்கிட்டு வாங்க!" என்று மாமா கத்தினார்.

ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அத்தை புகையைப் பார்த்துவிட்டாள். பட்டுச் சேலையும் புது வளையலுமாக ஓடி வந்தாள். யார் என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு மண் குழைக்கிற சேற்றில் இறங்கினாள். அடைத்து முடித்தபோது மேற்குப் பக்கம் முழுக்கச் சாம்பல். மற்றது தப்பியது.

எல்லோரும் மாமாவுக்கு விழப்போகும் ஏச்சுக்காகக் காத்திருந்தோம். மாமா ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அத்தை மண் கூடையை அவர் முன்னால் வைத்தாள்.

"நாளையிலருந்து மேக்கு உங்களுது. பிரிக்கிற வரைக்கும்."

"என் பக்கமா?" என்றார் மாமா. "அது ஒன் பக்கமுல்ல?"

"நான் தண்ணி எடுத்துக்கிருதேன்."

இவ்வளவு பெரிய சூப்பர்வைசருக்கு இப்படியொரு தண்டனையா என்று எனக்குப் பாவமாக இருந்தது. மாமா மறுநாள் விடிந்ததும் மேற்கே போய் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. "மாமா, லீவு முடிஞ்சு எப்பப் போவீக?" என்று நான் கேட்டபோது அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை, "மண்ணு காயுது பாரு, தண்ணி ஊத்துலே" என்று என்னை விரட்டினாள்.

அந்த வருஷம் பாதி வீட்டுக்குத்தான் ஓடு மாறியது. மீதிப் பாதியில் மழைக்குப் பாத்திரம் வைத்தார்கள். ஆரஞ்சுச் சட்டை சோளக்காட்டுப் பொம்மைக்குப் போனது. அடுத்த மூட்டத்திலும் மேற்குப் பக்கம் மாமாவுக்குத்தான். அதற்கடுத்ததிலும் அவருக்குத்தான். கேட்டால் இவ்வளவு நீள லீவு கொடுக்கிற கம்பெனி வேறெங்கே இருக்கிறது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.