முதல் இதழில் ஒரு ஜன்னல்

“...பின்பக்கம் எத வேணா எழுதியிருக்கட்டும் தம்பி, முன்பக்கம் எங்க வூட்டுக்காரரு இல்ல இருக்காரு?” என்றார் அந்தம்மா, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தபடி. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் பழுத்துப்போன ஒரு பத்திரிகைத் துண்டு. அவருடைய கணவருக்குப் போட்ட கண்ணீர் அஞ்சலி.

எனக்கு வேண்டியது அதன் முதுகு.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில், புதுச்சேரியில் முன்பு எப்போதோ வந்து நின்றுபோன சின்னப் பத்திரிகைகளின் வரலாற்றை எழுதப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கிளம்பினேன். முதலியார்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாலைப் பத்திரிகையில் தொடங்குவதாக எண்ணம். ஒரே தாளை மடித்து நாலு பக்கம். மில்லில் ஷிப்ட் விடும் நேரத்துக்கு வாசலில் விற்பார்கள். அதை எதற்காகத் தொடங்கினார் என்பதை ஆசிரியர் முதல் இதழின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். அது கிடைத்தால்தான் என் முதல் அத்தியாயம்.

ஆசிரியர் உயிரோடுதான் இருந்தார். “என்னங்க ஐயா எழுதுனீங்க?” என்றால், “என்னமோ எழுதுனேன். நல்லாத்தான் எழுதியிருப்பேன்” என்பார். பழைய இதழ்களைக் கேட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து மொத்தக் கட்டையும் என் மடியில் வைத்தார். ஆசையாகப் புரட்டினால், தாளுக்குத் தாள் சதுரம் சதுரமாக ஜன்னல்.

“யாருங்க ஐயா இப்படி வெட்டுனது?”

“நான்தாம்ப்பா. செத்தவங்களுக்குப் போட்ட விளம்பரம் வேணும்னு வருசம் கழிச்சு வருவாங்க. இருந்த ஒரே போட்டோவையும் அச்சுக்குப் பிளாக் எடுக்க எங்கிட்ட குடுத்திருப்பாங்க, அத நானே தொலைச்சிருப்பேன். வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?”

“வேற காப்பி எடுத்து வெச்சிருக்கலாமே?”

“அத்தினியும் வித்துப்போச்சேன்னு சந்தோசப்படுவனா, ஒளிச்சு வெப்பனா?”

இப்படிப் பேசுகிற மனிதரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? முதல் இதழை உருவி மடியில் விரித்தேன். “இப்பத்திரிகையை நாம் தொடங்கியதன் காரணம்” என்ற வரிக்குக் கீழே ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே, “ஆகவே ஆதரவு தாரீர்.” நடுவில் என் வேட்டி தெரிந்தது.

தான் எழுதியதை மறந்துபோனவருக்கு, அந்தத் துண்டை வாங்கிப்போனவர் வீடு மட்டும் தெருவோடு நினைவிருந்தது.

அந்த வீட்டுக்குத்தான் இப்போது மூன்றாவது நடை. எடுத்துப் படித்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அந்தம்மா பெருமூச்சு விட்டுச் சட்டத்தை இறக்கி, ஒரு கத்தியையும் கையில் கொடுத்தார். “அவரு மூஞ்சி கிழியாம எடுத்துட்டீன்னா படிச்சுக்கோ.”

பின்னால் இருந்த சின்ன ஆணிகளை நெம்பி அட்டையை எடுத்தேன். துண்டு அட்டையோடு அட்டையாக ஒட்டியிருந்தது. மைதா பசை, ஒரு மூலை விடாமல்.

“ஒட்டியா வெச்சீங்க?”

“பின்ன? நழுவி நழுவி வுழுந்துக்கினே இருந்தாரு.”

கத்தி முனையை ஓரத்தில் வைத்தேன். அஞ்சலியைச் சுற்றியிருந்த கறுப்புக் கோடு பொடியாக உதிர்ந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

“அப்படி என்னாதான் எழுதியிருக்கு அதுல?”

“அது தெரியாமத்தாம்மா அலையறேன்!” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அந்தம்மா என் கையிலிருந்து அட்டையை வாங்கிச் சட்டத்துக்குள் வைத்து ஆணிகளை அழுத்தினார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று என்னையே பார்த்துச் சொல்லச் சொன்னார்.