கேட்ட விலக்கு ஒன்று, கிடைத்த விலக்கு வேறு

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, மதுரை ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கினோம். கண்மாய்க்குப் பக்கத்து மனை என்றார்கள். கண்மாய் எங்கே என்று கேட்டேன். "அந்தா கிரிக்கெட் விளையாடுறாங்கள்ல, அதுதான்" என்று காட்டினார்கள். காய்ந்து கிடந்த அந்த ஏரியைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. சக்கர நாற்காலியில்தான் பள்ளி அலுவலக வேலைக்குப் போய் வருகிறேன். தெருவிலிருந்து யார் தயவும் இல்லாமல் நேரே என் வீட்டுக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் தண்ணீர் வரக்கூடிய இடம் என்பதால் வீட்டின் தளத்தை ரோட்டை விட இடுப்பளவு உயர்த்தித்தான் கட்ட வேண்டும் என்று விதி. அப்படியானால் வாசலில் ஐந்தாறு படி. எனக்கு மட்டும் ரோட்டு மட்டத்தில் கட்டிக்கொள்ள விலக்கு கேட்டு, கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் மனுப் போட்டேன்.

இடத்தைப் பார்க்க ஒரு பெண் பொறியாளர் வந்தார். என்னை விட வயதில் சின்னவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றி ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"ஏக்கா, தண்ணி உள்ள வந்துருச்சுன்னா எப்படி வெளிய வருவீங்க?"

"எங்க வீட்டுக்காரரு தூக்கிருவாரு."

"அவரு வேலைக்குப் போயிருந்தா?"

சுருக்கென்று கோபம் வந்தது.

அடுத்த கேள்வி இன்னும் விசித்திரம். யாரும் தள்ளாமல் நானே ஏறுகிற சாய்தளம் எங்காவது இருக்கிறதா என்றார். எங்கள் சர்ச்சின் பக்கவாசலில் இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், அந்தப் பொறியாளர் டேப்போடு நிற்கிறார்! சாய்தளத்தின் நீளத்தையும் உயரத்தையும் அளந்தார். என்னை இன்னொரு தடவை ஏறச் சொல்லி, என் தோள்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பூசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நல்ல வேடிக்கை. இந்தப் பெண் என்னதான் செய்யப்போகிறது என்ற யோசனையில் எனக்குக் கோபம்கூட மறந்துவிட்டது.

உத்தரவு வந்தது. நான் கேட்ட விலக்கு கிடையாது, தளம் உயரத்தான் வேண்டும். ஆனால் வீட்டைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்தில் சாய்தளம் கட்டிக்கொள்ளலாம். அடியில் தண்ணீர் ஓடும்படி அது தூண்கள் மேல் நிற்க வேண்டும். நான் கேட்கவே கேட்காத விலக்கு! சர்ச்சில் அளந்த அதே சரிவில் கட்டி முடித்தபோது சாய்தளம் வீட்டை அரைச் சுற்று சுற்றி வந்தது.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவர் வீடு விதி வருவதற்கு முன்பே ரோட்டு மட்டத்தில் கட்டியது. "ஏம்மா, இது வீடா, தியேட்டர் பார்க்கிங்கா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகால் பாய்ந்தது. பழைய ஊர்க்காரர்களுக்கு அது திருவிழா. பெண்கள் கரையில் நின்று தண்ணீரில் பூத்தூவிக் குலவை போட்டார்கள். புது மனைக்காரர்களான நாங்கள் செல்போனில் வீடியோ எடுத்தோம். அந்தத் தண்ணீர் அடுத்து எங்கே போகும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மத்தியானம் அது எங்கள் தெருவுக்குள் வந்தது.

என் வீட்டுக்காரர் வேலையில் இருந்தார். எனக்கு வாசல்வரைகூடத் தண்ணீர் வரவில்லை. எதிர்வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்கு ஏறிவிட்டது. சாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி வெகுநாள் ஆகவில்லை. மாடிப்படி ஏற முடியாமல், மனைவியின் தோளைப் பிடித்தபடி கேட்டில் நின்றார். தண்ணீரின் இழுப்பில் கால் தடுமாறியது.

"சார், இங்கிட்டு வாங்க! படியே இல்ல, சும்மா நடந்து ஏறிரலாம்!" என்று கத்தினேன்.

அவர்கள் தெருவைக் கடப்பதற்குள், தண்ணீர் சக்கரத்தைத் தொடும்வரை சாய்தளத்தில் இறங்கி, பிரேக்கைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். சார் அதை இறுக்கிப் பிடித்தார். ஏறி வந்ததும், "நல்லவேளைம்மா" என்றார்.

நான் கேட்டதை அப்படியே கொடுத்திருந்தால் அன்று நானும் தண்ணீருக்குள் உட்கார்ந்து யாராவது வரமாட்டார்களா என்று பார்த்திருப்பேன். அதுவரை எல்லாரும் எனக்குத்தான் கை கொடுத்திருக்கிறார்கள். என் கையைப் பிடித்து ஒருவர் கரையேறிய அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது, அப்படி ஒன்றை எந்த மனுவிலும் கேட்க எனக்குத் தெரிந்திருக்காது.