போலீஸ் நாய்க்கு மட்டும் பெயர்

பனியன் கம்பெனியில் நடக்கும் தொடர் கொலைகள் என்று அட்டையில் பார்த்ததும், நம் திருப்பூர்க் கதையாயிற்றே என்று அந்த நாவலை ஆசையாக வாங்கினேன். நான் வேலை பார்க்கும் கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில், தைத்த பனியனில் குறை தேடும் எங்கள் செக்கிங் பிரிவுப் பெண்களுக்குச் சத்தமாக வாசித்தேன். கொலைகாரன் கம்பெனிப் பெண்களை வரிசையாகக் கத்தியால் அறுக்கிறான். மோப்பம் பிடிக்கும் போலீஸ் நாய்க்குக்கூடப் பெயர் இருந்தது. செத்தவர்கள் கடைசி வரை வெறும் 'பனியன் கம்பெனிப் பெண்' தான்.

"ஒரு பேரு வெச்சா எழுதறவருக்கு என்னங்க கொறஞ்சு போகுது?" என்று எரிச்சலோடு புத்தகத்தை மூடினேன்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த செல்வி சிரித்தாள். "அக்கா, இங்க நம்மள மட்டும் யாரு பேரு சொல்லிக் கூப்பிடுதா?"

மணி அடித்தது. "செக்கிங்கெல்லாம் வாங்க, வாங்க" என்றார் சூப்பர்வைசர். எழுந்து போனோம்.

இப்போது கொலை நாவல் வாங்குவதில்லை. புதிதாக வரும் பெண்களிடம் முதலில் பெயரைக் கேட்கிறேன். அது மனதில் பதிவதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள்.